கல்யாணத்துக்கு முன் கேமரா

14, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை.
மேல் லயத்து வீட்டுச் சடங்கில் நான் எடுத்த படங்கள் பாதிக்கு மேல் கலங்கல். பிள்ளையின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏன் தங்கச்சி, எம்புள்ள மூஞ்சிய இப்படி அழிச்சி வச்சிருக்க?"
கேமரா பட்டனைப் பாதி அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது. எதிலும் நிற்பதில்லை. ஞாயிறு தெஹியோவிட்டக் கோயிலில் ஒரு கல்யாணம் எடுக்க வேண்டும். அதுவும் கெட்டால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ரப்பர் பால் வெட்ட என் பேரைப் பதியச் சொல்லி அம்மா கங்காணியிடம் பேசியாயிற்று.

15, புதன்
மறுபடி மழை. செய்து பார்த்தவை:
- லென்ஸ் பக்கத்து சுவிட்ச். தானாக ஃபோகஸ் பிடிக்கும் ஏ.எஃப்.இல்தான் இருக்கிறது.
- பேட்டரி, ஃபுல் சார்ஜ். பலனில்லை.
- ஃபோகஸுக்கு நடுப்புள்ளி மட்டும். சுவர்க் காலண்டரில் பிடித்தது. அம்மா முகத்தில் இல்லை.
- எல்லாம் ரீசெட். அழுகை வந்ததுதான் மிச்சம்.
கையால் சுற்றினால் வளையம் இறுக்கம். இதைச் சுற்றி முடிப்பதற்குள் தாலி கட்டி, பந்தியே முடிந்துவிடும்.
அம்மா: "அந்த டப்பாவோட இன்னும் எத்தன நாளு மல்லுக்கட்டுவ?"
அப்பா: "புள்ளய விடு. சரியாகிடும்."
அப்பா அப்படிச் சொல்வதுதான் கூடுதலாக வலிக்கிறது.

17, வெள்ளி
பஸ்ஸில் அவிசாவளை. ரிப்பேர் கடைக்காரர் லென்ஸைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு பழுப்பு. மோந்து பார்த்தார். "மே தும் நே, நங்கி." புகையாம். அடுப்படியில் வைத்திருந்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன்.
பின்னேரம் வரை உட்கார்ந்து சுத்தம் செய்து தந்தார். இப்போது முகத்தில் டக்கென்று பிடிக்கிறது. இன்னொரு தரம் புகையும் சூடும் பட்டால் மோட்டார் போய்விடும், பிறகு என்னிடம் வராதே என்றார்.
வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அக்கா பிரசவத்துக்கு நான் கேகாலையில் நின்றபோது நடந்த வேலை. ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறையில்தானே அப்பாவுக்கு வேலை. கேமராப் பையை அங்கே தொங்கவிட்டிருக்கிறார். "ஷீட்டுக்கே பூஞ்சணம் புடிக்காது, கேமராவுக்கு எப்படிப் புடிக்கும்னாரு. தெனம் போய் தொட்டுப் பாப்பாரு."
கோபம் வந்தது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?
அப்பா வந்ததும் முதல் கேள்வி, "என்னவாம்மா?"
உண்மை சொல்ல வாய் வரவில்லை. "ஈரந்தான்ப்பா. மழை ஈரம்."
தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

18, சனி
மழை விட்டது. சேலை அயர்ன். கார்டு காலி செய்ய வேண்டும்.
கடைக்குப் போய்த் திரும்பினால் ஆணியில் பை இல்லை.
அம்மா: "அப்பா விடியவே கொண்டுபோயிட்டாரு. நாளைக்குக் கல்யாணமாச்சே, உள்ள இருக்க ஈரமெல்லாம் காயட்டும்னு."
ஓடினேன். செருப்பு சேற்றில் போய்விட்டது, எடுக்கவில்லை.
அப்பா புகை அறை வாசலில் பையோடு நின்றார். "நானே கொண்டாரலாம்னு பாத்தேன். அடுப்புக்குப் பக்கத்துலயே மாட்டினேன். தொட்டுப் பாரு, பொட்டு ஈரம் இல்ல."
கேமராவை வெளியே எடுத்தேன். கை சுட்டது. அவர் முகத்துக்கு நேரே பிடித்துப் பட்டனைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. மறுபடி அழுத்தினேன். படம் எடுக்கிறேன் என்று நினைத்து அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நேராக நின்றார்.
"காஞ்சிருச்சாம்மா?"
"காஞ்சிருச்சிப்பா."