அண்ணையின் வேலியில் விட்ட வழி

என்ரை ஆசை அண்ணைக்கு,

முதலில் கோபிக்காமல் கேளுங்கள். உங்கள் வேலியில் ஒரு பொட்டு விட்டிருக்கிறோம், ஆள் குனியாமல் போய்வரக்கூடிய வழி. அதுவும் கந்தையா வீட்டுப் பக்கம். நீங்கள் என்னைத் திட்டுவது இங்கே கேட்கிறது.

போன மாரியில் நீங்கள் கண்ணை மூடிய கையோடு புயல் அடித்தது. அதன் பிறகு கிராமசேவகர்களான எங்கள் எல்லாரையும் மாவட்ட அரசாங்கக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். எந்த வீட்டுக்குள் வெள்ளம் வரும், எந்தக் கூரை காற்றுக்கு நில்லாது, சனம் ஓடினால் எங்கே ஓடும் என்று நடந்து பார்த்துவரச் சொன்னார்கள். நானும் சைக்கிளும் குடையுமாக ஊரெல்லாம் அலைந்தேன். கூரைகளைப் பார்த்து அவ்வளவு பயம் வரவில்லை. உங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால், கந்தையா குடும்பமும் மற்றச் சனமும் இருக்கிற பள்ளத்தைப் பார்த்துத்தான் வந்தது.

தரவை வெளியில் வெள்ளம் ஏறினால், வீடுகளுக்குள் தண்ணீர் வர முன்னமே அந்தப் பள்ளத்து ஒழுங்கைப் பாதையை மூடிவிடும். மேட்டில் கல்லால் கட்டின பள்ளிக்கூடம், கூப்பிடு தூரம்தான். நடுவில் உங்கள் வேலி. நாலு விரல் நிலத்துக்குக் கந்தையாவோடு கோட்டு வழக்குக்குப் போய் வென்று, வீம்புக்கு முள்ளும் வைத்து அடைத்தீர்களே, அதே வேலி. கந்தையாவின் மருமகள் பிள்ளைத்தாய்ச்சி, கார்த்திகை கடைசியில் பெறுவாள் என்றார்கள். வயிற்றோடு அந்த மருமகள்பிள்ளை எந்த வழியால் மேட்டுக்கு வரும், அண்ணை?

உங்கள் மனிசியிடம், என்ரை மச்சாளிடம், போய்க் கிணற்றடியில் வேலியை வெட்டி ஒரு வழி விடச் சொன்னேன்.

"தம்பி, அவர் கட்டின வேலி. வருசம் திரும்புற ஆட்டைத் திவசம்கூட இன்னும் முடியேல்லை. அதுக்குள்ளை வெட்டச் சொல்லுறீரோ?"

உத்தியோகத்தைக் காட்டி வெட்டுவித்திருக்கலாம். மனம் வரவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மாரிக்கு முன்னம் வேலி அடைக்கிற நாள் வந்தது. பழைய கிடுகோலையை இறக்கினால் வெறும் கதியால் தடிதானே நிற்கும்? வருசத்தில் அன்றைக்குத்தான் பக்கத்து வளவு கண்ணுக்குத் தெரியும். அங்காலை அந்தப் பிள்ளை வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றது. மச்சாள் கனநேரம் பார்த்துக்கொண்டே நின்றா.

"தம்பி, நீர் காட்டின இடம் சரிவராது. கிணத்தடி வழுக்கும், பிள்ளை விழுந்திடும். உந்தப் பூவரசடியிலை கிடுகு வைக்காமல் விடச் சொல்லும்."

நான் உடனே வேலி அடைக்கிற ஆட்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பிந்தினால் மச்சாள் மனம் மாறிவிடுவாவோ என்று பயம்.

கார்த்திகையில் விடாத மழை. ஒருநாள் மத்தியானம் ஒழுங்கை மூடிவிட்டது. பள்ளத்துச் சனம் முழுக்க உங்கள் வளவால் பள்ளிக்கூடத்துக்குப் போனது. அந்தப் பிள்ளையை மச்சாளே கையைப் பிடித்துக் கூட்டிப்போனா. கந்தையா மட்டும் முழங்கால் தண்ணீரில் பொட்டடியிலேயே நின்றுவிட்டார்.

"வாங்கோவன் கந்தையா அண்ணை!" என்று நான் கூப்பிட்டேன்.

"இந்த வளவை மிதிக்கக்கூடாதெண்டு அவர் சொன்னவர். செத்த மனிசன்ரை சொல்லை எப்பிடித் தம்பி மீறுறது?"

என்ன பிறவிகள் அண்ணை நீங்கள் இரண்டு பேரும்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அதற்குள் மச்சாள் திரும்பி வந்துவிட்டா. "அவர் இருந்தால் கூப்பிட்டிருக்கமாட்டார், உண்மைதான். இப்ப நான் கூப்பிடுறன். உள்ளுக்கு வாங்கோ."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்தார்.

பெண் பிள்ளை பிறந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகம். நாளைக்கு உங்கள் ஆட்டைத் திவசம். இன்று காலமை கந்தையா தன் தோட்டத்து வாழையிலையை வெட்டி, அந்தப் பொட்டால் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். அந்த இலையில்தான் உங்களுக்குப் படையல். சாப்பிடுவீர்கள்தானே?

வருசாவருசம் நானே முன்னுக்கு நின்று வேலியை அடைப்பிப்பேன். எல்லையை ஒரு விரல்கூட அரக்க விடமாட்டேன். பொட்டை மூடவும் விடமாட்டேன்.

நாளைக்கு உங்களுக்குப் படைக்கப்போகிற,
உங்கள் தம்பி