கண்ணாடி ஞாயிறுக்கு இரண்டாம் குரல்

ஏப்ரல் 10, வியாழன்

நான் வேலை செய்யும் பிள்ளைப் பராமரிப்பு நிலையமான கீட்டாவில் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் ரயில் ஏறி சூரிச் ஸ்டுடியோவுக்குப் போனேன். தூங்கியவர்களில் நைராவின் மகளும் ஒருத்தி. போன வருடம் அவளைக் கூட்டிப்போக வந்த நைரா, மெத்தைகளுக்கு நடுவில் இருந்து நான் முணுமுணுத்ததைக் கதவோரம் நின்று கேட்டாள். அப்படித்தான் சூரிச்சுக்குப் பக்கத்து டீட்டிகோனில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெட்டை ஒரு பிரேசில் பாடகியின் அல்பத்தில் இரண்டாம் குரல் ஆனாள். எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

நைராவின் முந்தைய அல்பங்கள் எல்லாம் கிற்றாரும் மூச்சும்தான். மழை நாளில் யன்னலோரம் இருந்து கேட்கலாம். இந்தமுறை பொப். ட்ரம்ஸ், சின்த், கால் தானாக ஆடுகிற தாளம். பெயர் ‘கண்ணாடி ஞாயிறு’, அவளுடைய போர்த்துக்கேய மொழியில். பழைய ரசிகர்கள் கோபிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். “கோபிக்கட்டும். நானும் கொஞ்சம் ஆடவேண்டாமா?” என்கிறாள்.

இன்று ஐந்தாவது பாட்டு. எனக்குக் கமகம் கேட்காமலே வந்துவிடுகிறது. சிறுவயது முழுக்கச் சனிக்கிழமைச் சங்கீத வகுப்பென்றால் சும்மாவா? “அந்தச் சுரத்தைப் பேசாமல் நிற்க விடு, தர்மிகா” என்று சிரித்தாள். நிற்க விட்டேன். அவளுடைய குரலுக்கு மேலே என் குரல் மெல்லிதாகப் போனபோது இருவருக்கும் கண் மூடிக்கொண்டது. ஆனால் உச்சியில் கரகரத்தது. சில கிழமைகளாகவே இப்படி. பிள்ளைகளைக் கத்திக் கூப்பிட்டு வந்ததாக இருக்கும்.

ஏப்ரல் 24, வியாழன்

குரல்நாணில் பொலிப், சதை வளர்ச்சி. வைத்தியர் கமராப் படத்தைக் காட்டினார். சின்னதுதான், ஆனால் வெட்டவேண்டும். மே 6 ஒபரேசன். பிறகு ஒரு கிழமைக்கு வாயே திறக்கக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. குரல் பழையபடி வருமா என்று கேட்டேன். “பெரும்பாலும்” என்றார். பெரும்பாலும்! அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நைராவுக்குச் சொன்னேன். இன்னும் மூன்று பாட்டு பாக்கி. யூன் நடுவில் ஒலிப்பதிவு முடியவேண்டும், செப்டெம்பரில் வெளியீடு. “யூன் வரைக்கும் உன் இடம் உன்னுடையது” என்றாள். அதற்குப் பிறகு என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 5, திங்கள்

அம்மா காலையிலேயே தொடங்கிவிட்டார். “தொண்டையில ஒபரேசன் எண்டு வெளியில மூச்சு விடாதை பிள்ளை. லாங்கன்தால் ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை பாக்க வருகினம். சின்ன விசயத்தைச் சனம் பெரிசாக்கிப் போடும்.”

லாங்கன்தால் ஆக்கள் என்றால் அந்த ஊரில் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கும் பிரவீனன் வீட்டார். பொறியியலாளர், படத்தில் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“நான் ஊமை மாதிரி இருந்தா கேக்க மாட்டினமோ?”

“அதை நான் பாக்கிறன்.”

அம்மா ‘பாக்கிறன்’ என்றால் எனக்குப் பயம்.

மே 7, புதன்

வாய் திறக்கவில்லை. கஞ்சி, மழை, தூக்கம்.

மே 9, வெள்ளி

அம்மா பார்த்துவிட்டார். கோயிலில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார், மகள் மௌன விரதமாம்!

“என்ன நேர்த்தி, ஞானேஸ்?” என்று புனிதவதி அன்ரி கேட்க, அம்மா கண்ணிமைக்காமல் “உலக சமாதானத்துக்கு” என்றார். ஐயர் எனக்கு மட்டும் பூ அதிகமாகத் தந்தார். நடந்த இடமெல்லாம் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். சிரிப்பு வந்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். தொண்டைக்குள் தையலே போடவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

ஆனால் சாப்பாட்டு மண்டபத்தில் அன்ரி என் பக்கத்தில் வந்து இருந்தா. மெல்லிய குரலில், “மகன் என்ர கோல் எடுத்து ரெண்டு வருசமாச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உனக்குத்தான் சொல்லுறன் பிள்ளை” என்றா. நான் அவவின் கையைப் பிடித்தேன். வேறென்ன செய்வது? கள்ளி, கள்ளி என்று மனதுக்குள் என்னையே திட்டினேன்.

மே 10, சனி

பின்னேரம் முழுக்கக் கட்டிலில் கிடந்து ஐந்து பாட்டையும் கேட்டேன். போர்த்துக்கேயம் பாதிதான் விளங்கும், அதுவும் நல்லதுதான். விளங்காத பாதியில் நான் பாட்டுக்கு உலாவலாம். ஒரு வரியில் மணல், ஒரு வரியில் யாரோ விட்டுப்போன செருப்பு, பிறகு வெறும் ஒலி. யன்னலுக்கு அப்பால் லிம்மாட் ஆறு வெயிலைச் சுமந்துகொண்டு மெதுவாகப் போனது. சரக்கு ரயில்கூடத் தாளத்துக்குப் போனதாகத் தோன்றியது. நான் வாய் மூடிக் கிடக்க, என் குரல் எனக்கு வெளியே நின்று மேலே மேலே போகிறது. ஏப்ரல் மாதத்துத் தர்மிகா. மிதந்தபடியே பயந்தேன். அவளை இனிக் காண்பேனா?

மே 11, ஞாயிறு

வந்தார்கள். பிரவீனனின் அம்மா கஜலக்சுமி அன்ரிக்கு என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்தில, அதுவும் இந்த நாட்டில, இப்பிடி ஒரு பிள்ளையோ! எங்கட வீட்டுக்கு இப்பிடி அமைதியான பிள்ளைதான் வேணும்.” அம்மா இன்னும் தேத்தண்ணி ஊற்றினார்.

பிரவீனன் தன் போனில் ஏதோ எழுதி மேசைமேல் என் பக்கம் தள்ளினார். ‘உண்மையிலேயே விரதமா?’ சுவிஸ் ஜெர்மனில்.

‘இல்லை. குரல்நாண் ஒபரேசன்’ என்று எழுதித் தள்ளினேன்.

‘சுகமாக வரட்டும்.’ போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு வடையைச் சாப்பிட்டார். தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெடியன். அதனாலேயே எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

மே 14, புதன்

இன்று குரல் வந்தது. குரல் பயிற்சி தரும் பெண் ‘ம்’ சொல்லச் சொன்னாள். சொன்னேன். யாரது? தடித்த, இருண்ட, வேறு யாரோ ஒரு அக்காவின் குரல்.

“தடிமன் பிடிச்ச மாதிரித்தான் கிடக்கு. சரியாவரும்” என்றார் அம்மா. பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார், அழுவது கேட்காமல் இருக்க.

மே 25, ஞாயிறு

கஜலக்சுமி அன்ரி கோல் எடுத்தா. சம்மதமாம். உறவுக்காரருக்கெல்லாம் என் விரதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாவாம். கலியாணத்துக்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் இருந்தால் நல்லதாம். அம்மா ஓம், ஓம் என்கிறார்! வெள்ளிக்கிழமைகளில்! ஆயுள் முழுக்க!

போனை வாங்கினேன்.

“அன்ரி, தர்மிகா கதைக்கிறன். அது விரதமில்லை. எனக்குத் தொண்டையில ஒபரேசன். மற்றும்படி நான் நல்லா வாயடிக்கிற ஆள்.”

“சுகமில்லை எண்டா சுகமில்லை எண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை. நாங்கள் என்ன, மனுசர் இல்லையோ? அதுக்கேன் கடவுளை இழுத்தனீங்கள்?”

வைத்துவிட்டா. அவ சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சம்பந்தம் முடிந்தது.

மே 28, புதன்

அம்மா என்னோடு கதைப்பதில்லை. இப்போது வீட்டில் நடப்பதுதான் உண்மையான விரதம்.

யூன் 14, சனி

போச்சு. மேல் சுரம் வரேல்லை. திரும்பத் திரும்பப் பாத்தன், வெறும் காத்துத்தான் வருது. ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நைரா தலைகுனிஞ்சு இருந்தாள்.

கடைசியில் உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் இருந்தாள். “மேல் வரிகளுக்கு வேறொருத்தியைக் கூப்பிட வேண்டும். மற்ற ஐந்து பாட்டிலும் நீ இருப்பாய். தள்ளிப்போட என்னால் முடியாது.” தலையாட்டினேன். கழிப்பறைக்குள் போய் நன்றாக அழுதேன்.

முகம் கழுவிவிட்டுப் பையை எடுக்க வந்தால், அவள் கிற்றாரோடு இருக்கிறாள். கடைசிப் பாட்டு, அல்பத்தின் பெயர்ப் பாட்டு, நன்றாகக் கீழே இறங்கிய சுருதியில். “இதன் இரண்டாவது சரணத்தைப் பாடிப் பார். தனியாக.”

பாடினேன். அந்த அக்காவின் குரல் வந்தது. இந்தப் பாட்டிலும் வரும் மணலும் செருப்பும் அந்த இருட்டுக்குள் மெல்ல நடந்தன. பாதியில் நைரா சேர்ந்துகொண்டாள், என் குரலுக்கு மேலே. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை.

“இந்தப் பாட்டு ஏன் சரிவரவில்லை என்று எத்தனை மாதம் யோசித்தேன். என் குரலில் வெளிச்சம் கூடிப்போய்விட்டது. இந்தச் சரணம் உன்னுடையது” என்றாள்.

இரக்கப்பட்டுத் தருகிறாயா என்று கேட்டேன். “நான் இரக்கப்பட்டு அல்பம் போடுவதில்லை” என்று கோபித்துக்கொண்டாள். அந்தக் கோபம் எனக்குப் போதும்.

செப்டெம்பர் 12, வெள்ளி

அல்பம் வந்துவிட்டது. பழைய ரசிகர்கள் கோபித்திருக்கிறார்கள். கீட்டாப் பிள்ளைகள் ஆடினார்கள். அம்மாவுக்கும் அனுப்பிவைத்தேன். பதில் இல்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு

கோயில் சாப்பாட்டு மண்டபம். நான் தட்டோடு வரிசையில் நிற்கிறேன். மூலையில் அம்மாவைச் சுற்றிப் பெண்கள். நடுவில் அம்மாவின் போன். ட்ரம்ஸ் கேட்டதும் எங்கள் பாட்டென்று தெரிந்தது. இரண்டாவது சரணம் வந்தது.

“இதார் பாடுறது? ஆம்பிளைக் குரல் மாதிரிக் கிடக்கு” என்றா புனிதவதி அன்ரி.

“என்ர மகள். மே மாசம் தொண்டையில ஒபரேசன் செய்தது. விரதம் எண்டு நான்தான் உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

பாட்டு போய்க்கொண்டிருந்தது. புனிதவதி அன்ரி திரும்பி, வரிசையில் நின்ற என்னைக் கனநேரம் பார்த்தா. நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அம்மாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா.

“இன்னொருக்காப் போடும் ஞானேஸ். முதல்ல இருந்து.”

அம்மா சத்தத்தைக் கூட்டிப் போட்டார்.