அப்பா நெஞ்சும் அரளிப்பூவும்

ஜூன் 8, ஞாயிறு

ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது: எங்கள் ஊட்டு மிக்ஸி ஜார் மூடி இன்று காலை காலமானது. உற்றார் உறவினர் கையால் அமுக்கிப் பிடித்துச் சட்னி அரைத்துக்கொள்ளவும்.

உபரிச் செய்தி: அப்பாவின் இதய வால்வு சுருங்கிவிட்டதாம். மாற்ற வேண்டுமாம். மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது இதனால்தானாம்.

ஜூன் 11

வால்வு மாற்றுவதற்கு முன்னால் ஆஞ்சியோ எடுத்தார்கள். இதயத்துக்கு ரத்தம் போகிற குழாயிலும் அடைப்பு. டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "நெஞ்சைத் திறந்து வால்வையும் மாத்தி, பைபாஸும் ஒண்ணாவே பண்ணிரலாங்க. அடைப்பை அப்படியே விட்டா உங்களுக்கு ஆபத்து."

வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் மேதையான என் அப்பா சொன்ன பதில்: "நெஞ்சைத் தொறக்காம தொடை வழியா வால்வை மட்டும் வெச்சுருங்க. அடைப்பை அடுத்த ஷிப்மென்ட்ல பாத்துக்கலாம்."

ஒரு பனியனில் ஓட்டை இருந்தால் மொத்த லாட்டும் திரும்பி வரும் என்று டெய்லர்களிடம் கத்துகிற ஆள், தன் நெஞ்சை மட்டும் பாஸ் பண்ணுகிறார். அடைப்பு குழாயில் மட்டுமில்லை, காதிலும்.

ஜூன் 13

ஊடு நிறையச் சொந்தம். ஆளுக்கொரு பை ஆரஞ்சு, ஆளுக்கொரு வைத்தியம். தலைமை மருத்துவர், அப்பாவின் அக்கா சின்னாத்தாள் அத்தை.

"நெஞ்சைப் பொளந்தவன் பழையபடி எந்திரிச்சு நடப்பானா, தனபாலு? குலசாமிகிட்டப் பூ கேட்டுப்போடலாம். வெள்ளரளி ஒண்ணு, செவ்வரளி ஒண்ணு பொட்டலங் கட்டி வெச்சு, கொழந்தைய விட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லலாம். வெள்ளை வந்தா ஆபரேசன். செவப்பு வந்தா வேண்டாம்."

அப்பா தலையாட்டினார்! அவ்வளவு ரிப்போர்ட்டும் ஒரு அரளிப்பூவிடம் தோற்றுப்போச்சு. செவப்பு வந்தா? வந்தா இவர் போகவே மாட்டார். அப்புறம்? — எனக்கு வாயில் நல்லா வருது. எழுதலை.

ஜூன் 15, ஞாயிறு

வரலாற்றுச் சாதனை. பொட்டலம் கட்டும் வேலையைக் கேட்டு வாங்கினேன். செவ்வரளி என் பேன்ட் பாக்கெட்டுக்குள். ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளை. சித்தப்பா மகள் ஜனனி, எல்கேஜி மேதை, சாமி முன்னால் இருந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை!

"உத்தரவு குடுத்துட்டாருடா!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இத்தனை தலை, ஒன்றிலும் மூளை இல்லை. என் கை நடுங்கவில்லை, முகம் மாறவில்லை. நான் பிறவிக் கலைஞன்.

ஜூன் 23

காலையில் அப்பாவை ஆபரேசனுக்கு உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு இன்னும் திறக்கலை.

ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? அனுப்பி வெச்சது யாரு — சாமியா? நான்தானே?

ஜூன் 24

கண் முழிச்சுட்டார்.

ஜூன் 29

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அத்தை டீ வாங்கப் போனதும் சொல்லிட்டேன். "அப்பா, அன்னைக்குப் பூவை நாந்தானுங்க மாத்தினேன்."

சிரிப்பு வந்தால் தையல் வலிக்குமென்று தலகாணியை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டார்.

"தெரியும் கண்ணு. நீ கட்டுன லட்சணத்துக்கு ரெண்டுலயும் வெள்ளை வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உன்ற அத்தைதான் மொதல்ல பாத்தா. என்னைப் பாத்தா. வாயே தொறக்கலை."

"பின்ன ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?"

"பயமா இருந்துச்சுடா. ஆராச்சும் போன்னு சொல்லோணும்ல?"

பதினஞ்சாம் தேதி, கை நடுங்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். நடுங்குச்சு. முடிச்சே விழலை.