ஜியாமெட்ரி பெட்டியில் இருபத்தாறு எழுத்துகள்

சாரம், புதுச்சேரி
செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை மணி

மதிப்பிற்குரிய ராகவன் அண்ணனுக்கு,

அன்புசெல்வி எழுதுவது. நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் மேல் தப்பு இருக்கும் இடத்தில் அதையும் எழுதுவேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த முறை எனக்கு அந்த ஆவல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போனுக்கு நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை நான்கு முறை கேட்டேன். "என் லேப்டாப்ல கை வைக்க உனக்கு யார் பர்மிஷன் குடுத்தது? பாஸ்வேர்ட மாத்தி வச்சிக்கினு எங்க அம்மாவ அலைக்கழிக்கிறியா? படிக்கிற பொண்ணு பண்ற வேலையா இது?" மொத்தம் நாற்பத்தொரு நொடி. அதில் ஒரு நொடிகூட, என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவில்லை. நானும் குரலிலேயே பதில் சொன்னால் அழுதுவிடுவேன். அதை நீங்கள் குற்றவாளியின் அழுகை என்று எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன டிசம்பரில் நீங்கள் பிரான்சிலிருந்து உங்கள் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து, லினக்ஸ் போட்டு, மாடியில் உங்கள் அம்மாவிடம், அதாவது என் பெரியம்மாவிடம், கொடுத்துவிட்டுப் போனீர்கள். பொங்கல் முடிந்து அலமாரியிலிருந்து பித்தளைச் சொம்பு அதன் மேல் விழுந்து, திரையின் வலது மேல்மூலை கறுத்துப்போனது. உங்களிடம் சொல்லக்கூடாது என்று பெரியம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியம் இத்துடன் போயிற்று. ஜன்னலை மூடுகிற பெருக்கல் குறி அந்தக் கறுப்புக்குள் மாட்டிக்கொண்டதால், எதையும் மூடத் தெரியாமல் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினோரு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். நான்தான் செட்டிங்ஸில் தேடி, மூடுவது, சுருக்குவது, பெரிதாக்குவது ஆகிய மூன்று பொத்தான்களையும் இடது மூலைக்குக் கொண்டுவந்தேன். சுண்டுவிரல் தெரியாமல் பட்டு எல்லாம் பெரிய எழுத்தாக விழுகிறது என்றார். கேப்ஸ் லாக் விசை வேலை செய்யாதபடி வைத்தேன். அன்றைக்கு எதிர்வீட்டுத் தனம் அக்காவைக் கூப்பிட்டு, "நம்ம ஊட்டுலயே கம்ப்யூட்டர் டாக்டர் இருக்குது பாரு" என்று என்னைக் காட்டினார். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் என் கட்டுரைகளை அதில் தட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

இப்போது என் தப்பு. அந்த விசைப்பலகை பிரெஞ்சுக்காரர்களுடையது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ இருக்கும். முற்றுப்புள்ளி வைக்கக்கூட ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். நான் பள்ளியில் பழகியது ஆங்கில வரிசை. போன வியாழக்கிழமை யாரையும் கேட்காமல் எழுத்து வரிசையை ஆங்கிலத்துக்கு மாற்றினேன். பாஸ்வேர்ட் கேட்கும் திரைக்கும் சேர்த்து மாற்றினேன். விசைகளின் மேல் ஒட்டுவதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் வெள்ளைப் பக்கத்தில் இருபத்தாறு எழுத்துகளையும் எழுதிச் சின்னச் சின்னதாக வெட்டினேன். கோந்து தீர்ந்திருந்தது. நாளைக்கு ஒட்டலாம் என்று ஜியாமெட்ரி பெட்டியில் போட்டுக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பாஸ்வேர்டை நான் மாற்றவே இல்லை. பெரியம்மா விசையில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தட்டுகிறார்; உள்ளே வேறு எழுத்து விழுகிறது; திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள்.

எனக்கு இது தெரியவந்தது சனிக்கிழமை காலையில். அம்மா வாசல் குழாயில் குடத்தை வைத்திருந்தார். பெரியம்மா மாடிப்படியில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். "ஊட்டுப் பத்திரத்த எம்புள்ள அதுக்குள்ள ஏத்தி வச்சிருக்கான். அது தெரிஞ்சுதான் ஆத்தாளும் பொண்ணும் பூட்டுப் போட்டுட்டாளுங்க. புருஷன் செத்தவளாச்சேன்னு கீழ எடம் குடுத்தேன் பாரு, எனக்கு வேணும். திருட்டுக் கைய எத்தினி நாள் உள்ள வச்சிக்கறது? இந்த மாசக் கடைசியில காலி பண்ணிடு." குடம் நிரம்பி அம்மாவின் காலில் வழிந்துகொண்டிருந்தது. குழாயை நான்தான் போய் மூடினேன்.

அந்த இடத்திலேயே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் சரிசெய்திருப்பேன். சொல்லவில்லை. அவரே இறங்கி வந்து என்னைக் கேட்கட்டும், முதலில் அம்மாவிடம், திருட்டுக் கை என்ற அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கட்டும் என்று இருந்தேன். அவர் ஒவ்வொரு முறை தட்டித் தோற்கும்போதும் மாடியில் மேசையை அறையும் சத்தம் கேட்கும். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இதையும் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

நேற்று தனம் அக்கா வந்து சொன்ன பிறகுதான் பயம் வந்தது. புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் லேப்டாப்பைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடப்போகிறாராம். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, "போவட்டும், அவளுங்க கை பட்டது எனக்கு எதுக்கு" என்றாராம். பெரியப்பா கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று நீங்கள் எடுத்த வீடியோ அதில்தான் இருக்கிறது. "இருடா, சட்டையாவது போட்டுக்கறேன்" என்று அவர் சிரிப்பாரே, அது. பெரியம்மா தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து அதைத்தான் பார்ப்பார். பத்திரம் பத்திரம் என்கிறாரே தவிர, இந்த ஐந்து நாளாக அவருக்குக் கிடைக்காமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன். அவசரத்தில் கடைக்காரர் சொன்னதன் அர்த்தம் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

உடனே மாடிக்கு ஓடினேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "யார் அனுப்புனா? ஒங்க ஆத்தாளா?" என்றார். "பெரியம்மா, ஏ விசைய" என்று நான் தொடங்குவதற்குள் மரக்கதவையும் சாத்திவிட்டார். இனி நான் மாடி ஏற மாட்டேன். நான் சொன்னால் அவர் கேட்கவும் மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். அங்கே இப்போது மூன்று மணிதான் ஆகியிருக்கும். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

சொல்ல வேண்டியது இதுதான். எம் என்று எழுதிய விசை வேண்டாம். என் (N) விசைக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் இருக்கும் காற்புள்ளி விசையைத் தட்ட வேண்டும். ஏ வர வேண்டிய இரண்டு இடத்திலும் க்யூ. எல் மட்டும் எல்லேதான். பிறகு இரண்டு, சைபர், சைபர், சைபர். ஷிஃப்ட் பிடிக்கக் கூடாது. திறந்துகொள்ளும்.

ஆமாம், பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். பெரியம்மா ஒவ்வோர் எழுத்தாக முணுமுணுத்துக்கொண்டுதான் தட்டுவார். நீங்கள் லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிட்டுப் போன சீட்டையும் பார்த்திருக்கிறேன். மாலா. எங்கள் அம்மாவின் பெயர். அதன் பின்னால், அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வருடம். நான் பிறப்பதற்கு முன் எட்டு வருடம் அம்மாவுக்குக் குழந்தை இல்லை என்பதும், பெரியம்மா மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்தபோது உங்களுக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பியது எங்கள் அம்மா என்பதும் எனக்குத் தெரியும். சித்தியின் மேல் பாசம் இருந்தால் சித்தியிடம் ஒரு நாள் போனில் பேசியிருக்கலாம். நீங்கள் போன எட்டு மாதத்தில் ஒரு முறைகூடப் பேசவில்லை. பெயரை மட்டும் அதில் வைத்தீர்கள். பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க ஒவ்வொரு காலையும் பெரியம்மா எங்கள் அம்மாவின் பெயரைத் தட்ட வேண்டியிருந்தது. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் இருக்கிறது. ஆனாலும் அந்த முதல் எழுத்தின் மேல் அவர் விரல் சற்று நின்றுவிட்டுத்தான் இறங்கும் என்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இந்தப் பெயர் விஷயம் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. திறந்ததும், போனிலேயே பெரியம்மாவுக்கு வழி சொல்லி எழுத்து வரிசையைப் பழையபடி பிரெஞ்சுக்கே மாற்றிவிடுங்கள். பொத்தான்கள் இடப்பக்கமே இருக்கட்டும், இல்லாவிட்டால் அவர் மூட முடியாமல் திண்டாடுவார். ஒன்றே ஒன்று கேட்கிறேன் அண்ணா. பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். உங்கள் அம்மாவின் பெயரை வையுங்கள். ஜெயசித்ரா, எழுத்து கொஞ்சம் அதிகம், அவர் பழகிக்கொள்வார். எங்கள் அம்மாவின் பெயர் அதில் இருக்க வேண்டாம். எங்களுக்குக் கீழ்வீடு இருந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சித்தி மகள்
அ. அன்புசெல்வி

மணி ஏழு பத்து. கீழ்வீட்டுக்கும் மெயின் சுவிட்ச் மாடியில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சனிக்கிழமையிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குப் பெரியம்மா அதை இறக்கிவிடுகிறார். இப்போதும் மேலே, சுவிட்சை எட்டுவதற்காக நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறார். மெயினை இறக்கிவிட்டார், விளக்கு போய்விட்டது.