மண்பாதையிலும் ஓடும் சைக்கிள்

அன்புத் தம்பிக்கு,

மடுல்சீமைச் சரிவில் நாம் போட்டி போட்டபோது நீ விழுந்தாயே, அதற்குப் பிறகு மலைச் சைக்கிளில் என்னால் ஏற முடியவில்லை. விற்றுவிட்டேன்.

இனித் தார்ரோட்டில் மட்டும் ஓட்டலாம் என்று பதுளையில் நிஸாம் நானாவின் சைக்கிள் கடைக்குப் போனேன். "ரோட்டுக்கு மட்டும்னா மெல்லிசு டயர் போதும். மண்ணுலயும் போறதுன்னா இந்த சைக்கிளோகிராஸ் எடுங்க" என்றார். தோட்டத்தில் உன் லய வீட்டுக்கு ஏறும் கடைசி இரண்டு மைல் மண்பாதைதானே. அதையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் வாசல்வரை வந்தேன். உன் மனைவி தலைகுனிந்து, "அவரு உங்களப் பாக்க மாட்டாராம் மாமா, போயிருங்க" என்றாள். உள்ளே உன் சக்கர நாற்காலி நகர்ந்தது.

நேரில் சொல்ல நினைத்ததை எழுதுகிறேன். அன்று நீ கத்தியது எனக்குக் கேட்டது. ஜெயித்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

உன் அண்ணன்