திக்காத பேச்சு

ஜூலை 9, செவ்வாய்

இன்று முதல் தடவையாக இவருக்குக் கடைக்கே சாப்பாடு கொண்டுபோனேன். தாராவி மெயின் ரோட்டில் தோல் பைக் கடை. வாசலிலேயே நின்றுவிட்டேன். பை வாங்க வந்தவர்களிடம் இவர் இந்தியில் மடமடவென்று பேசிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அவர்களைச் சிரிக்கவும் வைத்தார்.

கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து நாலு மாதமாகிறது. வீட்டில் இவர் ஒரு பேச்சையும் முழுதாக முடித்ததில்லை. தமிழ் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன், இவர் தலையாட்டுவார். உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

என்னைப் பார்த்ததும் அந்த வேகம் போய்விட்டது.

"நீ... எ... எதுக்கு..."

"வந்தேன்னு கேக்கியளா?"

தலையாட்டினார்.

ராத்திரி சோறு போடும்போது, இன்றைக்கு வியாபாரம் எப்படி என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டுப் பார்த்தேன்.

"ஆஜ்... தந்தா... கை... கைசா..."

இவர் குறுக்கே வரவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் பேசினார், தங்குதடையில்லாமல்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.