நேர்ந்த முடியை ஏன் வெட்டினாய்?

மேலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தமிழ்வாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் நல்ல சுகம். நீயும் சுகம் என்றுதான் தினமும் போனில் சொல்கிறாய், அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வாயால் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான், ஸ்பெயினுக்குத் திரும்பும் ஸ்வர்ணா டீச்சர் மகளிடம் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

நல்ல மழை, நாற்று நட்டாச்சு. அப்பாவுக்குச் சளிதான் விடவில்லை, சொன்னால் கேட்டால்தானே. சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ முடியை வெட்டியிருப்பதைத் தம்பி போனில் காட்டினான். டென்னிஸில் உலகத்தில் முதல் நூறு பேருக்குள் வந்தால் அழகர்கோயிலில் இறக்குவதாக நீயே நேர்ந்து வளர்த்த முடி அது. மதுரையில் ஆடக் கற்றுக்கொண்டபோது ரேஸ்கோர்ஸ் மைதானத்துக் கோச் வெட்டச் சொன்னதற்கே அழுதுகொண்டு வந்து நின்றாய். இப்போது ஸ்டைல் என்கிறாய். அப்பா "இந்தக் காலத்துப் பிள்ளைக அப்புடித்தான், விடு" என்கிறார். எவனோ ஒருத்தன் சொல்லித்தான் வெட்டினாய் என்று நினைத்து எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்படி இருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அப்புறம் உன் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சர்வீஸ் அடிக்கும்போது வலது கை முன்னைப்போல உயரவே இல்லை, பையையும் இடது தோளில்தான் மாட்டுகிறாய். தம்பியும் "அக்கா அடியில வேகமே இல்லம்மா" என்கிறான். ஜோடி ஆட்டத்திலிருந்து விலகியதற்கு, கூட ஆடும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாய், அவளோ அன்றைக்கே கடலில் குதிக்கிற படம் போட்டிருக்கிறாள். கை பின்னால் போகாமல் சடை பின்ன முடியவில்லை, அதனால்தானே வெட்டினாய்? அந்தப் புதுக் கோச் அடுத்த மாதப் பெரிய போட்டிவரை வலி தெரியாமலிருக்க ஊசி போட்டே ஓட்டச் சொல்கிறாரோ? அவருக்கென்ன, நீ இல்லாவிட்டால் இன்னொரு பிள்ளை. தோள் போய்விட்டால் அப்புறம் எதைவைத்து ஆடுவாய்? எனக்குப் பயமாக இருக்கிறதடி.

முடிக்காக நான் கோபிக்கவில்லை. உனக்குப் பதில் நானே அழகர்கோயிலில் முடி இறக்கிவிடுகிறேன், சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன். பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்கவேண்டும்.

இது கைக்கு வந்த அன்றைக்கே வீடியோவில் வா. ஒன்றும் பேசவேண்டாம், வலது கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காட்டு. காட்டிவிட்டால் உன் அம்மா சந்தேகக்காரி என்று ஊரெல்லாம் சொல். முடியாவிட்டால் ஊருக்கு வந்துவிடு, இருக்கிற முடியை நான் பின்னிவிடுகிறேன்.

உன் அம்மா
பாண்டியம்மாள்